கெண்டைக்கால் மெலிவுக்குக் கொழுப்பு மாற்றுச் சிகிச்சை: திருச்சி மருத்துவமனை ஒன்றில் என் அனுபவம்

பிறக்கும்போதே கோணக்காலாக இருந்து, குழந்தைப் பருவத்தில் சரிசெய்யப்பட்ட என் இடது காலின் கெண்டைக்கால் மெலிவுக்காக, திருச்சியில் உள்ள ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவமனையில் போன ஆண்டு மாசியிலும் இந்த ஆண்டு மாசியிலுமாக இரண்டு முறை கொழுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டேன். இரண்டாவது சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டதால், பலன் நிலைத்ததா இல்லையா என்பதை இப்போது சொல்ல முடியும். கீழே பாராட்டும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. ஆகவே மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

நான் மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று ஏக்கர் நெல் சாகுபடியும் உண்டு. கோணக்காலை மாவுக்கட்டாலும் அறுவையாலும் நேராக்கிவிடலாம்; பாதம் தரையில் பதியும், நடை வந்துவிடும். ஆனால் அந்தக் காலின் ஆடுசதை எவ்வளவு நல்ல சிகிச்சை பெற்றாலும் மற்றக் காலைவிட மெலிந்தேதான் நிற்கும், பாதமும் சற்றுச் சிறிதாகவே இருக்கும். எனக்கு வலது காலுக்கு எட்டாம் எண் செருப்பு, இடது காலுக்கு ஏழாம் எண். செருப்பு வித்தியாசம் யார் கண்ணிலும் படுவதில்லை. கெண்டைக்கால் அப்படியன்று. வரப்பில் நடக்கிற எவரும் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொள்ளும் ஊரில், நான் சேறு படிந்தாலும் பரவாயில்லை என்று வேட்டியைத் தழையவே விட்டிருந்தேன். பெரியவர்கள் எதிரே வந்தால் மடித்த வேட்டியை அவிழ்த்துவிடுவது மரியாதை என்பதால், எப்போதும் தழையக் கட்டியிருந்த என்னை மரியாதை தெரிந்த பிள்ளை என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே குன்றிப்போகும். நாற்பது வயதை நெருங்கும்போதுதான் இதற்கு வைத்தியம் உண்டா என்று கேட்கத் துணிந்தேன்.

முதலில் போன இடம் டெல்டாவிலேயே உள்ள ஒரு அழகு நிலையம். தோல், முடி, லேசர் என்று பலகையில் எழுதியிருந்தது. அங்கே இருந்தவர் என் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், ஃபில்லர் ஊசி போட்டால் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். ஃபில்லர் என்பது தோலுக்கு அடியில் செலுத்தி இடத்தை நிரப்பும் ஜெல், பெரும்பாலும் ஹயலூரானிக் அமிலம். முகத்துக்குப் போடும் ஊசியில் பெரும்பாலும் ஒரு மில்லிதான் இருக்கும். மெலிந்த கெண்டைக்காலில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வரவேண்டுமானால் நூறு மில்லிக்கு மேல் வேண்டியிருக்கும். அத்தனையும் காலப்போக்கில் கரைந்துபோகும். சதைக்கு நடுவே ரத்தக் குழாய்கள் ஓடுகிற இடத்தில் அதைப் போடப்போகிறவர் டாக்டரா என்று கேட்டதற்கு, பயிற்சி பெற்றவர் என்ற பதில்தான் வந்தது. எழுந்து வந்துவிட்டேன். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பட்டம், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண், 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அந்த இடம் பெற்ற பதிவுச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் கேட்டுப் பார்த்த பிறகே நாற்காலியில் உட்காரவேண்டும் என்பதை அங்கிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

திருச்சி மருத்துவமனையில் முதல் நாள் ஆலோசனை ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நடந்தது. இந்த மதிப்புரையில் நான் அதிகம் மெச்ச விரும்புவது அந்த முக்கால் மணி நேரத்தைத்தான். டாக்டர் என்னை வேட்டியை மடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். முழங்கால் மடிப்பிலிருந்து கணுக்கால் வரை ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக ஊதா மையால் இரண்டு கால்களிலும் குறித்து, ஒவ்வொரு கோட்டிலும் நாடாவைச் சுற்றி அளந்து, செவிலியரிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். மிகப் பருத்த இடத்தில் வலது 35, இடது 28.5. பிறகு சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்தி இறக்கச் சொன்னார். வலது காலில் இருபத்தைந்து முறை சிரமமில்லாமல் முடிந்தது. இடது காலில் நான்காவது முறைக்குப் பிறகு குதிகால் தரையை விட்டு எழவே இல்லை. அப்போதுதான் அவர் முதல் கேள்வியைக் கேட்டார்: “உங்களுக்கு வேண்டியது வலுவா, வடிவமா? ஏனென்றால் என்னால் தரமுடிந்தது வடிவம் மட்டும்தான்.”

இதை இத்தனை வெளிப்படையாகச் சொல்லும் டாக்டரை அதுவரை நான் பார்த்ததில்லை. கெண்டைக்காலுக்கான எந்த அழகுச் சிகிச்சையும் புதிய தசையை உண்டாக்குவதில்லை; உள்ளே எதை வைத்தாலும் அது வெளித்தோற்றத்தை நிரப்புமே தவிர, குதிகாலைத் தூக்க உதவாது. அவர் என்னை உடனே மேசையில் ஏற்றாமல் மூன்று மாதம் பிசியோதெரபிக்கு அனுப்பினார். தினமும் படியின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கியதில் நான்கு முறை ஒன்பதானது. சுற்றளவு அரை சென்டிமீட்டர்கூட ஏறவில்லை. வலு கொஞ்சம் கூடியது எனக்குப் போனஸ். வடிவத்துக்கு வேறு வழிதான் வேண்டும் என்பதும் அதனால் தெளிவாயிற்று.

அந்த வழிகள் இரண்டு. முதலாவது சிலிக்கோன் இம்பிளான்ட். கெண்டைக்காலுக்கு இம்பிளான்ட் வைத்த சிகிச்சைகள் 1979ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே இது சோதனை முயற்சி அன்று. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலின் பின்மடிப்பில் சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறி, ஆடுசதையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான உறைக்குள் பை போல ஓர் இடம் உண்டாக்கி, நீண்ட கூழாங்கல் வடிவத்தில் இருக்கும் சிலிக்கோனை உள்ளே செருகுகிறார்கள். டாக்டர் ஒரு மாதிரியை என் கையில் கொடுத்தார். நுங்கைவிடக் கெட்டி, ரப்பரைவிட மென்மை. அழுத்தினால் அமுங்கி, விட்டதும் பழைய வடிவத்துக்கு வந்தது. ஒரே அமர்வில் பலன் தெரிந்துவிடும், கரைந்தும் போகாது. ஆனால் கோணக்காலில் தோலும் உறையும் இறுக்கமாக இருப்பதால் உள்ளே அழுத்தம் ஏறும் அபாயம் உண்டு. அழுத்தம் மிகுந்து தசைக்கு ரத்தம் போகாத நிலை வந்தால், இம்பிளான்டை உடனே வெளியே எடுத்தாக வேண்டிய அவசரம் ஏற்படும். தொற்று, நீர் கோத்தல், இம்பிளான்ட் இடம் நகர்தல், விளிம்பு வெளியே தெரிதல், சுற்றிலும் தழும்புத் திசு இறுகிக் கல் போலாதல் ஆகியவை மற்ற அபாயங்கள். மேலும், இம்பிளான்ட் காலின் மேற்பகுதியை நிரப்புமே ஒழிய, கணுக்காலுக்கு மேலே குச்சி போல நிற்கும் கீழ்ப்பகுதி அப்படியே இருக்கும். எனக்கு இரண்டு இடங்களிலும் மெலிவு இருந்தது.

இரண்டாவது, கொழுப்பு மாற்று. சொந்த வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை உறிஞ்சி எடுத்து, சுத்தப்படுத்தி, மெலிந்த காலில் செலுத்துவது. வெளிப்பொருள் எதுவும் உடலில் தங்காது. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு நிரப்பலாம். இதன் பெரிய குறை, செலுத்திய கொழுப்பு முழுவதும் நிலைக்காது என்பது. கணிசமான பகுதியை உடலே உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே அமர்வில் அளவுக்கு மீறித் திணிக்கவும் முடியாது என்பதால் இரண்டோ மூன்றோ அமர்வுகள் வேண்டியிருக்கும். ஏன் திணிக்க முடியாது என்று கேட்டேன். டாக்டரும் டெல்டாக்காரர்தான். நாற்றை முடிச்சோடு நட்டால் நடுவில் இருப்பது அழுகிப்போகிற மாதிரிதான் இதுவும் என்றார். கொழுப்பை இழை இழையாகப் பரப்பினால்தான் ஒவ்வோர் இழைக்கும் சுற்றியுள்ள திசுவிலிருந்து ரத்தம் கிடைக்கும், ஒரே இடத்தில் குவித்தால் நடுவில் இருப்பது செத்துக் கட்டியாகிவிடும். அதன் பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கொழுப்பு தவறி ரத்த நாளத்துக்குள் போனால் நுரையீரலைப் போய் அடைக்கக்கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதற்காகவே மழுங்கிய முனையுள்ள குழாயைப் பயன்படுத்துவதாகவும், ஆழத்தில் பெரிய நாளங்கள் ஓடும் பக்கம் போவதில்லை என்றும், குழாயைப் பின்னோக்கி இழுக்கும்போது மட்டுமே கொழுப்பைச் செலுத்துவதாகவும் விளக்கினார்.

தேதி குறித்ததில்கூட அவர் என் தொழிலைக் கேட்டுத்தான் முடிவு செய்தார். அறுவைக்குப் பிறகு ஆறு வாரமாவது சேற்றில் இறங்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. தாளடி அறுவடை முடிகிற மாசிக்கும், மேட்டூர் திறந்து குறுவைக்கு நாற்றங்கால் போடுகிற ஜூன் மாதத்துக்கும் நடுவில் உள்ள காலம் இதற்கு ஏற்றது. விவசாயம் பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், மாசிதான் சரியான மாதம் என்று உறுதியாகச் சொல்வேன். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். புகை ரத்த ஓட்டத்தைக் குறைத்து, மாற்றிய கொழுப்பைக் கொன்றுவிடும்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். வயிற்றில் உப்புநீரோடு மரப்பு மருந்தும் ரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்தும் கலந்து ஏற்றினார்கள். நான் விழித்திருந்தேன். எடுத்த கொழுப்பைச் சிரிஞ்சுகளில் நிரப்பி, ஒரு தாங்கியில் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். சில நிமிடங்களில் அது மூன்று அடுக்காகப் பிரிந்தது: மேலே மெல்லிய எண்ணெய், நடுவில் புதிதாகக் கடைந்தெடுத்த வெண்ணெய் நிறத்தில் கொழுப்பு, அடியில் சிவந்த நீர். எண்ணெயையும் நீரையும் அகற்றிவிட்டு நடு அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். காலில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள ஐந்து துளைகள். அவற்றின் வழியே 160 மில்லி உள்ளே போனது. மறுநாள் காலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அறுவைக்குப் பிந்தைய கவனிப்பில் பலரும் தவறு செய்யக்கூடிய ஓர் இடம் உண்டு. கொழுப்பை எடுத்த வயிற்றுக்கு இறுக்கமான பெல்ட் ஆறு வாரம் போட வேண்டும். கொழுப்பை வைத்த காலுக்கோ இறுக்கமாக எதையும் சுற்றக் கூடாது, அழுத்தினால் வைத்தது பிழைக்காது. வீட்டுக்கு வந்து பார்த்த என் பெரியப்பா, வீக்கம் வடியக் காலுக்கு நன்றாகத் துணி சுற்று என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் அது என் சிகிச்சையையே கெடுத்திருக்கும். காலில் ரத்தம் உறையாமலிருக்க முதல் நாளிலிருந்தே கூடத்தில் மெதுவாக நடக்கச் சொல்லியிருந்தார்கள். பங்குனி வெயிலில் வயிற்று பெல்ட்டுக்குள் வேர்க்குரு பொரிந்தது. காலைவிட வயிறுதான் அதிகம் வலித்தது. இரண்டு வாரம் வயிறு முழுக்க நீலம் பாரித்திருந்தது.

முதல் மாதம் அளந்தபோது சுற்றளவு 31 என்று காட்டியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அதில் பாதி வீக்கம், நம்பாதீர்கள் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்; அப்படியே ஆறாம் மாதம் 30க்கு இறங்கி நின்றது. இந்த ஆண்டு இரண்டாவது அமர்வுக்குப் பிறகு இப்போது 31. மொத்தத்தில் இரண்டரை சென்டிமீட்டர். எண்ணாகப் பார்த்தால் சிறியதுதான். ஆனால் காலின் பின்பக்கம் முன்பு நேர்கோடாக இறங்கிய இடத்தில் இப்போது ஒரு வளைவு தெரிகிறது, கணுக்காலுக்கு மேலே இருந்த பள்ளமும் நிரம்பியிருக்கிறது. தொட்டால் சொந்தச் சதை போலத்தான் இருக்கிறது. உட்புறம் ஓரிடத்தில் மட்டும் நெல்லிக்காய் அளவு கட்டி ஒன்று தங்கிவிட்டது. ஸ்கேனில் பார்த்து, செத்த கொழுப்புத்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். உடம்பு இளைத்தால் காலும் இளைக்கும் என்பதால் எடையைச் சீராக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

கெண்டைக்காலைக் குறைக்கும் சிகிச்சைகளைப் பற்றியும் இங்கே எழுதக் காரணம், இரண்டாவது முறை போனபோது என் மைத்துனியும் கூட வந்ததுதான். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். கால் தடித்துப்போய்விட்டது, ஊசி போட்டு மெலிய வைப்பார்களாமே அத்தான், கேட்டுச் சொல்லுங்கள் என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போடாக்ஸ் ஊசியைத்தான் அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஆடுசதைக்குப் போகும் நரம்புக் கட்டளையை அது தற்காலிகமாகத் தடுப்பதால் தசை வேலையின்றிச் சுருங்கும். சில மாதங்களில் பழைய நிலை திரும்பும், மறுபடி போட வேண்டும். நரம்பையே வெட்டியோ சுட்டோ நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யும் முறையும் கொரியா போன்ற நாடுகளில் உண்டு. அதைச் செய்தால் ஓடுவதிலும் படியேறுவதிலும் வலு குறையலாம், மற்றத் தசைகள் ஈடுகட்டப் பருத்து வடிவம் வேறு விதமாகக் கெடலாம். நல்ல தசையை வேண்டுமென்றே முடமாக்குவதை, தசைக்கு ஏங்கிய என்னால் ஏற்கவே முடியவில்லை. கொழுப்பை உறிஞ்சுவது இன்னொரு வழி. ஆனால் கெண்டைக்காலில் பெரும்பாலோருக்குக் கொழுப்பு அடுக்கு மெல்லியது. சற்று அதிகமாக எடுத்தாலும் மேடும் பள்ளமுமாகிவிடும், வீக்கமும் பல மாதம் நீடிக்கும்.

டாக்டர் அவளுடைய காலைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துச் சில வினாடிகள் அழுத்திவிட்டு எடுத்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. இது தசையும் இல்லை, கொழுப்பும் இல்லை, நீர் என்றார். கும்பகோணத்துக்காரர்கள் கால் வீக்கம் என்று வந்தால் யானைக்கால் நோயை முதலில் விலக்கிப் பார்ப்பது வழக்கம் என்று சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய 1955க்கு முன்பும் பின்பும் நெடுங்காலம் அந்த நோய் கும்பகோணத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் கிருமிகள் இரவில்தான் ரத்தத்தில் மிகுதியாக நடமாடும் என்பதால் ராத்திரியில் வீடு தேடி வந்து விரலில் ரத்தம் எடுத்ததை என் மாமியார் இன்றும் சொல்வார். மைத்துனிக்கு அந்த நோய் இல்லை. டாப்ளர் ஸ்கேனில் காலின் சிரைகளில் வால்வுகள் பழுதாகியிருப்பது தெரிந்தது. நாள் முழுவதும் நின்றே வேலை பார்த்ததன் பங்கு அதில் இருக்கிறது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டே சட்டத் திருத்தம் வந்துவிட்டது; அவள் கடையில் முக்காலி இருந்தும் உட்கார மனம் வராமல் நின்றிருக்கிறாள். இப்போது ரத்த நாள நிபுணரிடம் சிகிச்சை பெறுகிறாள். போடாக்ஸ் போட்டுக் காசு வாங்கிக்கொள்ளும் வாய்ப்பை அந்த மருத்துவமனை கையில் வைத்திருந்தும் வேறு டாக்டருக்கு அனுப்பியது என்பதை அழுத்தமாகப் பதிவு செய்கிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். முதல் அமர்வுக்குச் சொன்ன கட்டணம் 92,000 ரூபாய். பில் வந்தபோது 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று 16,560 ரூபாய் சேர்ந்திருந்தது. மருத்துவச் சேவைக்குள்ள வரிவிலக்கு அழகுக்கான சிகிச்சைக்குக் கிடையாது என்பது உண்மை. ஆனால் பிறவிக் குறை, வளர்ச்சிக் குறைபாடு, காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உடலமைப்பையோ இயக்கத்தையோ மீட்கச் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு அந்த விலக்கு பொருந்தும் என்று வரிவிலக்கு தரும் அதே அரசு அறிவிப்பில் இருக்கிறது. என் குழந்தைப் பருவ மருத்துவமனைச் சீட்டை அம்மா டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். அதைக் காட்டி, டாக்டரிடம் கோணக்கால் என்று எழுதி வாங்கிக் கொடுத்த பிறகு கணக்குப் பிரிவு வரியை நீக்கியது. இதற்காக மூன்று முறை மன்னார்குடியிலிருந்து திருச்சிக்குப் பஸ் ஏறினேன். என்னைப் போன்றவர்களுக்கு இதை அவர்களே முதலில் சொல்லியிருக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டிலும் பணம் கிடைக்கவில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பும் மருத்துவத் தேவையான சிகிச்சையும் தவிர, தோற்றத்துக்கான அறுவை பாலிசிகளில் விலக்கப்பட்டிருக்கிறது.

இன்னொரு வருத்தம், கையெழுத்துக்காக நீட்டிய தாள்களுக்கு நடுவே, என் காலின் முன்–பின் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற ஒப்புதலும் செருகப்பட்டிருந்தது. எல்லாம் ஆங்கிலத்தில். மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்ததால் அவள் படித்துச் சொன்னாள். அந்த ஒரு தாளில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை, அவர்களும் வற்புறுத்தவில்லை. டெல்டா மாவட்டங்களிலிருந்து இத்தனை பேர் வந்துபோகிற இடத்தில் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் அச்சடிப்பது பெரிய காரியமன்று.

மூன்றாவது அமர்வு செய்தால் இன்னும் ஒரு சென்டிமீட்டர் கூடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். தோல் இதற்கு மேல் இடம் கொடுக்காது, வயிற்றிலும் எடுக்கக் கொழுப்பு அதிகம் இல்லை, வேண்டாம் என்று டாக்டர் மறுத்துவிட்டார். இரண்டு கால்களுக்கும் நடுவில் நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. செருப்பும் இன்னும் ஏழும் எட்டும்தான். ஆனி மாதம் குறுவை நடவின்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினேன். நடவு ஆட்களில் ஒருவர்கூடக் காலைப் பார்க்கவில்லை. தண்ணீர் எந்த மடையிலிருந்து வருகிறது என்று கேட்டார்கள், சொன்னேன்.